தெருவில் கொட்டிய சக்கை

ஸ்டோனி ஃப்ளாட்
1903 ஏப்ரல் 14

அக்கா பூய்ஃபோங்குக்குத் தம்பி ஹோய்சுன் வணங்கி எழுதுவது. நானும் என் மருந்துக் கடையும் கடைப் பூனையும் நலம். அங்கே மெல்போர்னில் அத்தானின் இருமல் எப்படி இருக்கிறது? நீ இன்னும் முழங்கால் வலி என்று சொல்லி, வாசலை விட்டு இறங்கியதும் நேராகப் போகாமல் தையல்காரர் கடைப் பக்கமாகச் சுற்றித்தான் போகிறாயா? அதற்கு அனுப்பிய தைலத்தைத் தடவினால்தானே.

முன்னோர்களைக் கும்பிடுகிற சிங்மிங் அன்று இங்கே இறந்த நம் சீன ஆட்களின் கல்லறைகளைப் பெருக்கிச் சுத்தம் செய்து, வறுத்த பன்றி வைத்துக் கும்பிட்டோம். பன்றியில் பாதியை முன்னோர்களும் மீதியைத் தோட்டக்கார வூ கிழவரும் சாப்பிட்டார்கள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. தபால் ஆபீஸ் அம்மாளின் கணவருக்கு வயிற்று வலி. மூன்று பொட்டலம் கொடுத்தேன். மனிதர் வேரையெல்லாம் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேரில் உப்பும் வெண்ணெயும் போட்டுத் தின்றிருக்கிறார். குணமாகிவிட்டது என்று வேறு சொல்கிறார். இனி இப்படி நடக்கக் கூடாது என்று, பள்ளிக்கூட ஆசிரியையிடம் இங்கிலீஷில் எழுதி வாங்கி, லேபிள் அச்சடித்து எல்லாப் பொட்டலத்திலும் ஒட்டுகிறேன். ‘மூன்று கிண்ணம் தண்ணீரை ஒரு கிண்ணமாகச் சுண்டக் காய்ச்சவும். தண்ணீரைக் குடிக்கவும். வேரைத் தின்ன வேண்டாம். சக்கையைக் காலையில் வாசலுக்கு வெளியே தெருவில் கொட்டவும்.’ தெருவில் எதற்கு என்று ஆசிரியை கேட்டார். போகிறவர் வருகிறவர் மிதித்தால் நோய் அவர்கள் காலோடு போய்விடும் என்றேன். அந்த அம்மாள் சிரிக்காமல் எழுதிக் கொடுத்தார்.

அனுப்ப வேண்டிய சரக்கு: காய்ந்த ஆரஞ்சுத் தோல், அதிமதுரம், சுக்கு, நூல்பட்டை இரண்டு பவுண்டு, மல்பெரி மரத்துப் புல்லுருவி இரண்டு பவுண்டு, கழுதைத்தோல் பசை பன்னிரண்டு கட்டி, இருமலுக்கான வேர் வழக்கம் போல.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
ஹோய்சுன்


மெல்போர்ன், லிட்டில் பர்க் தெரு
ஏப்ரல் 27

தம்பி ஹோய்சுனுக்கு அக்கா எழுதுவது. நலம். அத்தான் இருமுகிறார், கடைக்கு வருகிறவர்களுக்கு இருமல் மருந்தும் விற்கிறார். என் முழங்காலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

சுக்குக்கும் இருமல் வேருக்கும் நடுவில் ஒளித்து எழுதினால் என் கண்ணில் படாது என்று நினைத்தாயா? ஒடித்தாலும் விட்டுப் போகாமல் வெள்ளி நூலாக இழுத்துப் பிடித்துக்கொள்கிற பட்டை, கிளையை இறுகப் பற்றிக்கொண்டு வளர்கிற புல்லுருவி, ரத்தத்தைக் கட்டுகிற பசை. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரே ஒரு வேலைதான். வயிற்றில் இருக்கிற பிள்ளை நழுவாமல் பிடித்து வைப்பது.

உன் ஊரில் உன்னைத் தவிர நம் ஆட்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரும் ஆண்கள். இருப்பதிலேயே இளையவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வயிறு பெரிதாக இருப்பது வூ கிழவருக்குத்தான். அவருக்கு எத்தனையாவது மாதம்?

யாரையாவது வீட்டில் வைத்திருக்கிறாய் என்றால் சொல்லிவிடு. திட்டுவேன். திட்டி முடித்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிச் சோறு போடுவேன். அதற்கு மேல் நான் என்ன செய்துவிடப் போகிறேன்?

கேட்டதில் பாதிதான் அனுப்பியிருக்கிறேன். மீதி உன் பதிலைப் பார்த்த பிறகு. அந்தச் சரக்கை எடுத்துக் கட்டியது அத்தான்தான். அந்த இழுப்பறையை நான் திறப்பதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


ஸ்டோனி ஃப்ளாட்
மே 9

அக்காவுக்கு வணக்கம். பாதிச் சரக்கு பத்திரமாக வந்தது. உன் கடிதத்தை வூ கிழவருக்குப் படித்துக் காட்டினேன். ஏழாவது மாதம் என்று எழுதச் சொன்னார்.

நான் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். விஷயம் அதைவிட மோசம். மருந்து குடிப்பது டாக்டர் பென்ஹாலோவின் மனைவி.

எந்த டாக்டர் என்று உனக்குத் தெரியும். போன வருஷம் சீனன் விற்கிற வேரெல்லாம் விஷம் என்று பத்திரிகையில் எழுதினாரே, அந்தச் சிவப்புத் தாடிக்காரர்தான். ஊர்க் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார், “என் நோயாளி ஒருத்தர் இவன் மருந்தக் குடிச்சுச் செத்தா, இவன ஜெயில்ல போடாம நான் தூங்க மாட்டேன்.” அந்த மனிதர் சொன்னால் செய்வார்.

அவர் சுரங்கத்துக்குப் போகிற வியாழக்கிழமை பார்த்து அந்த அம்மாள் முகத்திரை போட்டுக்கொண்டு வந்தார். நாடி பார்க்கிற சிறு மெத்தையில் கையை வைத்தார். மூன்று விரல் வைத்துப் பார்த்தேன். மணி உருளுகிற மாதிரி நாடி, ஆனால் அடியில் பலமே இல்லை. இதற்கு முன் இரண்டு முறை, இரண்டும் நாலாவது மாதத்தில் போய்விட்டன. உங்கள் கணவருக்குத் தெரிந்தால் என் கதி என்ன என்று கேட்டேன். அவர் சொன்னது இது: “போன ரெண்டையும் அவரு சொன்னபடி படுத்துக்கிட்டே இழந்தேன். இந்தத் தடவ எழுந்து உக்காந்து ஏதாவது செஞ்சு பாக்கணும்.”

இதற்கு மேல் இல்லை என்று எப்படிச் சொல்வது? வூ கிழவர் வாரா வாரம் முட்டைக்கோசுக்கு அடியில் பொட்டலத்தை வைத்து அவர்கள் சமையலறையில் இறக்கிவிட்டு வருகிறார்.

உனக்கு முன்பே எழுதாததற்குக் காரணம் உனக்கே தெரியும். இந்த மருந்தின் பெயரை உன் கண்முன் கொண்டுவர எனக்கு மனசில்லை.

ஹோய்சுன்


மெல்போர்ன்
மே 20

தம்பிக்கு. எல்லாரும் நலம்.

விட்டுவிடு. பிள்ளை தங்கினால் டாக்டர் வீட்டுப் பிள்ளை தங்காமல் என்ன என்பார்கள். தங்காவிட்டால் சீனன் கொன்றான் என்பார்கள். உன்னைச் சிறையில் போட்டு, பிறகு கப்பல் ஏற்றுவார்கள். இப்போது இருக்கிற சட்டத்தில் ஒரு முறை வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். எனக்கு இந்த நாட்டில் கூடப் பிறந்தவன் என்று இருப்பது நீ ஒருவன்தான். உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கடையைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு.

அக்கா

இதோடு வருகிற பொட்டலத்தில் மீதிப் பாதிச் சரக்கும் இருக்கிறது. அதோடு தகர டப்பாவில் எட்டுக் கட்டி கழுதைத்தோல் பசை. பதினாலு வருஷம் பழையது, புதியதைவிட நன்றாகக் கேட்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்காதே.


ஸ்டோனி ஃப்ளாட்
ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு. கடும் பனி, ஆனாலும் நான் நலம். பூனை அடுப்பை விட்டு நகர்வதில்லை. அத்தானின் மார்புச் சளிக்குத் தனியாக ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன்.

நாலாவது மாதம் தாண்டிவிட்டது. முதலில் அதைச் சொல்ல வேண்டும். ஐந்து நடக்கிறது. போன வியாழன் நாடி பார்த்தேன். பிள்ளை அசைவதாகச் சொல்லி அந்த அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் மூச்சு சீராக வந்தது. வூ கிழவர் அன்று அவர்களுக்கு ஒரு முட்டைக்கோசு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்றைக் கேள். அந்த அம்மாள் லேபிளில் உள்ளதை ஒரு எழுத்து விடாமல் செய்கிறவர். சக்கையைத் தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே தெருவில் கொட்டுகிறார். அடுத்த அரை மணியில் டாக்டர் பெரிய பூட்ஸோடு அதன் மேல் ஏறி நடந்துதான் வேலைக்குப் போகிறார். யார் வீட்டுக் கோழிக் குப்பை இது என்று தெருவில் ஒரு நாள் சத்தம் போட்டாராம். என்னை ஜெயிலில் போடுவதாகச் சொன்னவர் என் மருந்தைத் தன் காலாலேயே மிதித்து முடித்து வைக்கிறார். நானும் வூவும் மூன்று நாளாக இதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்.

நீயும் சிரிக்க வேண்டும் என்று எழுதினேன்.
ஹோய்சுன்


மெல்போர்ன்
ஜூலை 11

ஹோய்சுன், நலம் விசாரிக்க நேரமில்லை. இன்றைய தபாலிலேயே இது போக வேண்டும்.

பிள்ளை தங்குவதற்குக் குடிக்கிற மருந்தின் சக்கையைத் தெருவில் கொட்டக் கூடாது. போக வேண்டிய நோய்க்குத்தான் தெரு. தங்க வேண்டியதைக் கொண்டுபோய் ஊரார் காலடியில் போட்டு மிதிக்க விடுவார்களா? காய்க்கிற மரத்தின் அடியில் கொட்டி மண்ணால் மூட வேண்டும். அவர்கள் வீட்டில் ஆப்பிளோ பிளம்ஸோ ஏதாவது ஒரு மரம் இருக்கும். இன்றே சொல்லி அனுப்பு.

இதை உனக்கு யாரும் சொல்லவில்லையா? எனக்கும் சொல்லவில்லை.

அக்கா


மெல்போர்ன்
ஆகஸ்ட் 16

தம்பிக்கு. ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. உங்கள் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் எல்லாம் விசாரித்தேன். ஒருவர் உன் கடை மூடியிருந்தது என்கிறார், இன்னொருவர் திறந்திருந்தது என்கிறார். அத்தான் ரயிலில் கிளம்பி வருவதாகச் சொல்கிறார். இந்த இருமலோடு அவரை எப்படி அனுப்புவது?

கெட்ட செய்தி என்றாலும் எழுது. எதுவும் எழுத முடியாவிட்டால் பூனை நலம் என்றாவது எழுது. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

அக்கா


ஸ்டோனி ஃப்ளாட்
ஆகஸ்ட் 24

அக்காவுக்கு வணக்கம். பூனை நலம். நானும் நலம், சிறைக்கு வெளியேதான் இருக்கிறேன். உன்னை இவ்வளவு நாள் தவிக்க விட்டதற்கு மன்னித்துவிடு. என்ன ஆகும் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாமல் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன்.

உன் ஜூலைக் கடிதம் வந்த அன்றே வூவிடம் சொல்லி அனுப்பினேன். அவர் போன நேரம் வீட்டில் யாரும் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டரே என் கடைக்குள் வந்தார். கைக்குட்டையைப் பலகை மேல் விரித்தார். உள்ளே சக்கை. ஒரு துண்டுப் பட்டையை எடுத்து ஒடித்துப் பார்த்தார். அவ்வளவு வெந்த பிறகும் இரண்டு மூன்று நூல் விட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இத என் மனைவி எத்தன நாளா குடிக்கிறா?”

ஏப்ரலிலிருந்து என்றேன். போலீஸ் வெளியே நிற்கிறது என்றுதான் நினைத்தேன். ஜெயிலுக்குப் போக மேல்சட்டையைக்கூட எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் நோயாளிகள் உட்காருகிற முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நேத்துலேருந்து ரத்தம் படுது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செஞ்சு பாத்துட்டேன். உங்க லேபிள அவதான் எங்கிட்ட எடுத்துக் குடுத்தா. நீங்க வர்றீங்களா?”

பட்டப்பகலில் கடைத்தெரு வழியாகப் போனோம் அக்கா. என் மருந்துப் பெட்டியை அவர் தூக்கிக்கொண்டு வந்தார். தபால் ஆபீஸ் அம்மாள் முத்திரை குத்துவதை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

மூன்று நாள் அந்த வீட்டில் இருந்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு கையைப் பிடித்திருப்பார். இந்தப் பக்கம் நான் இன்னொரு கையில் மூன்று விரலை வைத்திருப்பேன். உன் தகர டப்பாப் பசையைத்தான் கரைத்துக் கொடுத்தேன். புதியதை நம்பவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நின்றது. “உங்க வெரலுக்கு என்ன தெரியுது?” என்று கேட்டார். “இருக்காங்க. ரெண்டு பேரும் இருக்காங்க,” என்றேன். மனிதர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதார். நான் கைகழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு தரம் லேசாகப் பட்டது. கடைசியாகப் பட்டு இன்றோடு இருபத்தாறு நாள். இப்போது எழுதலாம் என்று தோன்றியது.

பசை எங்கிருந்து வந்தது என்று கேட்காதே என்றாய். கேட்கவில்லை.

ஹோய்சுன்


மெல்போர்ன்
செப்டம்பர் 3

தம்பிக்கு. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தானும் நானும் அன்று கடையைச் சீக்கிரம் மூடினோம். நீ வெளியே இருக்கிறாய். அது போதும்.

நீ கேட்காவிட்டாலும் நான் சொல்கிறேன். எனக்கு இரண்டு போனது உனக்குத் தெரியும். நீ அப்போது சீனாவில் நம் ஊரில் இருந்தாய், கடிதத்தில் இரண்டு வரி வந்திருக்கும். நான் இந்தத் தெருவுக்கு வந்த புதிது. எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல இங்கே அப்போது நம் பெண்களே இல்லை. மருந்து என்றால் சக்கை தெருவுக்கு என்று வீட்டில் அம்மா செய்ததைப் பார்த்திருந்தேன். நானும் தினமும் காலையில் வாசலுக்கு நேர் எதிரே கொட்டினேன். வண்டியும் மனிதர்களும் மிதித்துக்கொண்டு போனார்கள். இரண்டாவதும் போன பிறகு, புதிதாகக் குடிவந்த ஒரு தேயிலை வியாபாரியின் மனைவி பார்க்க வந்தாள். சக்கையை எங்கே கொட்டினாய் என்று கேட்டாள். சொன்னேன். அந்த அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகுதான் மரத்தடி விஷயத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தரிக்கவில்லை. அந்த எட்டுக் கட்டி, குடிக்காமல் மிச்சமானது.

அத்தானுக்கு இது தெரியாது. என் கையாலேயே கொட்டி மிதிக்க விட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? என் முழங்காலில் ஒரு நோயும் இல்லை. அந்த இடத்தின் மேல் கால் வைக்க முடியாமல்தான் தையல்காரர் கடைப் பக்கம் சுற்றிப் போகிறேன்.

அந்தப் பெண்ணுக்கும் ரத்தம் பட்டது என்கிறாய். பார்த்தாயா? நீயே போய், மரத்தடியில்தான் கொட்டுகிறார்களா என்று உன் கண்ணால் பார்த்துவிட்டு எழுது.

அக்கா


ஸ்டோனி ஃப்ளாட்
நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சந்தோஷமாக எழுதுவது.

பெண் குழந்தை. போன வியாழக்கிழமை காலை பிறந்தது. ஏழு பவுண்டு எடை, தலை நிறையச் சிவப்பு முடி. தாய் நலம். டாக்டர் தொப்பி இல்லாமல் என் கடைக்கு ஓடி வந்தார். “பொண்ணு. கத்துறா. நிறுத்தாம கத்திக்கிட்டே இருக்கா,” என்றார். வூ கிழவர்தான் இருவருக்கும் தேநீர் ஊற்றினார்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். இரண்டு மாதமாக ஆரஞ்சுத் தோலும் சுக்கும் மட்டும் கேட்டு எழுதினேன், இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நீயும் திரும்பக் கேட்கவில்லை.

ஜூலையில் அந்த மூன்று நாள் களேபரத்தில் மரத்தடி விஷயத்தைச் சொல்ல விட்டுப்போயிற்று. செப்டம்பரிலேயே போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் நல்ல ஆப்பிள் மரம் இருக்கிறது. அதன் அடியில் ஒரு துண்டுச் சக்கைகூட இல்லை. எல்லாம் தெருவில் கிடந்தது. அந்த அம்மாள் படுக்கையில் இருந்ததால், ஜூலையிலிருந்து டாக்டர்தான் தினமும் தன் கையாலேயே கொட்டியிருக்கிறார். கொட்டிவிட்டு அதன் மேலேயே நடந்து வேலைக்குப் போயிருக்கிறார். மரத்தடியில் கொட்டுங்கள் என்று சொன்னேன். அவர் லேபிளை எடுத்துக் காட்டினார்.

“தெருவுலன்னுதான போட்டிருக்கீங்க? இப்ப ரத்தம் நின்னுருக்கு. பாதியில ஒண்ண மாத்தி, மறுபடி ஏதாவது ஆச்சுன்னா? நான் எதையும் மாத்த மாட்டேன்.”

நான் வற்புறுத்தவில்லை அக்கா. குடித்த மருந்து வயிற்றில் இருக்கிறது, சக்கையில் என்ன இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். நினைத்தேனே தவிர, தினமும் காலையில் வூவை அந்த வீட்டுக்கு அனுப்பி, தாய் நலம் என்று கேட்ட பிறகுதான் கடையைத் திறந்தேன். உனக்கு எழுதியிருந்தால் நீயும் பயந்திருப்பாய். அதனால்தான் எழுதவில்லை.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை ஒரு நாள்கூட அந்தச் சக்கை மரத்தடிக்குப் போகவில்லை. பெற்ற அப்பனே ஏழு மாதம் பூட்ஸால் மிதித்தான். பிள்ளை ஏழு பவுண்டு. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். நீ செய்ததில் தப்பு இல்லை அக்கா. ஒரு நாளும் இருந்ததில்லை.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி பிள்ளைக்கு ஒரு மாதம் நிறைகிறது. சிவப்பு முட்டையும் இஞ்சி ஊறுகாயும் நம் வழக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த அம்மாள் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். உன் தகர டப்பாவை யார் கையிலும் கொடுத்து அனுப்ப மாட்டாராம், நீ வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அத்தானையும் கூட்டிக்கொண்டு வா.

சரக்கு: முட்டைக்குச் சிவப்புச் சாயம். வேறு எதுவும் வேண்டாம்.
ஹோய்சுன்


மெல்போர்ன்
நவம்பர் 25

தம்பி ஹோய்சுனுக்கு, அக்கா எழுதுவது.

உன் கடிதம் வந்தபோது கடையில் ஓர் ஆள் நின்றிருந்தார். படித்தேன். உட்கார்ந்துவிட்டேன். சத்தமாக அழுதேன். இருமல் மருந்துக்கு வந்தவர் பயந்துபோய்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அத்தான் உள்ளேயிருந்து ஓடி வந்து, ஹோய்சுனுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றேன். பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாலு வருஷத்தையும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார், “நானுந்தான் தெனமும் அது மேல நடந்து போனேன். எங்கிட்ட சொல்லியிருந்தா, பழியில பாதிய நான் எடுத்துக்கிட்டிருப்பேனே.”

அத்தான் இருமலோடுதான் வருவார். பத்தாம் தேதி ரயிலுக்கு வருகிறோம், வூ கிழவரிடம் வண்டி கொண்டுவரச் சொல். அவருக்கு எத்தனையாவது மாதம் என்று நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

சிவப்புச் சாயம் நம் கடையில் தீர்ந்திருந்தது. எதிர்க் கடையில் வாங்கி வருகிறேன் என்று நேற்று வாசலை விட்டு இறங்கினேன். பழக்க தோஷத்தில் கால் தையல்காரர் கடைப் பக்கம் திரும்பிவிட்டது. நின்றேன். திரும்பி வந்து அந்த இடத்தைப் பார்த்தேன். நாலு கல், கொஞ்சம் மண், அவ்வளவுதான். மிதித்துக்கொண்டு நேராக நடந்து போய்ச் சாயம் வாங்கினேன். திரும்பி வரும்போதும் அப்படியே வந்தேன்.

அக்கா